வலைக்கூடத்துச் சுவரில் வந்த படகு

கல்லாந்துறையில் போய், வலைக்கூடத்துச் சுவரில் படகு வந்த கதையைக் கேட்டால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். சிலர் என் பெயர் வந்ததுமே காறித் துப்புவார்கள். துப்பட்டும், அதில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. ஆனால் கதையை முழுசாகச் சொல்ல அந்த ஊரில் ஒருத்தனால்தான் முடியும், ஏனென்றால் அந்தப் படகைச் சுவர்வரைக்கும் வரவழைத்தவனும் நான், திருப்பி அனுப்பியவனும் நான்.

என் பெயர் கிளீட்டஸ். மிக்கேல் சம்மனசு கோயில் பாட்டுக் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். பிறவியிலேயே இடது கால் சூம்பியவன், கடலுக்கு லாயக்கில்லை என்று அப்பா என்னைச் சின்ன வயதிலேயே ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார். அவர் போன பிறகு என் தம்பி அருளப்பன் கடலிலிருந்து கொண்டுவந்ததைத் தின்றுதான் நான் இருபது வருஷம் வாசித்தேன். என் வாசிப்புக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. கை சும்மா இருக்காது; சாமியார் ஜெபம் சொல்ல வாய் திறந்து மூச்சிழுக்கிற நேரத்துக்குள் நாலு சுரம் போட்டுவிடுவேன், கல்யாணத்தில் பெண் 'சம்மதம்' என்று சொல்வது என் சத்தத்தில் கேட்காமல் போய் இரண்டு தடவை சொல்லவைத்திருக்கிறார்கள். அடக்கத்துக்கு வாசிக்கப் போனால், 'ஏல, செத்தவன் எந்திரிச்சு உன்னை வையப் போறான்' என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன், ஊரில் ஒருத்தன் வாங்கித்தானே ஆகவேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் புயல் வந்தபோது, பதினோரு பேரோடு ஆழ்கடலுக்குப் போயிருந்த எங்கள் ஊர்ப் படகு ஒன்று திரும்பவில்லை. மற்ற படகுகளெல்லாம் ஏதோ ஒரு தீவில், ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒதுங்கி, அடிபட்டு, முறிந்து, ஒரு வாரம் கழித்தாவது வந்து சேர்ந்தன, அது மட்டும் வரவில்லை. ஹெலிகாப்டரில் தேடினார்கள், கப்பலில் தேடினார்கள், ஊர்க்காரர்கள் தனியாகப் படகுகள் எடுத்துக்கொண்டு போய்த் தேடினார்கள், ஒரு பலகைத்துண்டுகூடக் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனை ஏழு வருஷம் கழித்துத்தான் செத்தவனாக எழுத முடியும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். உடலைக் காணாமல் துக்க மணி அடிக்கக் கூடாது என்று பதினோரு வீட்டாரும் சாமியாரிடம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தன் அருளப்பன். அவன் பெண்சாதி செலினுக்கு அப்போது மூன்று மாதம். பிறகு பெண்குழந்தை பிறந்து, நடக்கத் தொடங்கி, 'அப்பா எங்க' என்றால் கடலைக் காட்டப் பழகிவிட்டது. செலின் வாரத்துக்கு ஒரு தடவை அவன் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள், நானும் அவளும் குழந்தையும் ஒரே வீட்டில் அவனுக்காகக் காத்திருந்தோம்.

இந்த நிலையில்தான் மதிவதனி என்று ஒரு பெண், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, சினிமா படித்தவள், கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தாள். பதினோரு வீட்டையும் வைத்துப் பதினாலு நிமிஷத்தில் ஒரு குறும்படம் எடுப்பதாகச் சொன்னாள். நல்ல பிள்ளை, யாரையும் அழச் சொல்லவில்லை. மீன் கழுவுகிற கையை எடுத்தாள், பூட்டிக் கிடந்த செருப்புப் பெட்டியை எடுத்தாள், காலி நாற்காலியைச் சுற்றிப் பெருக்குகிற விளக்குமாற்றை எடுத்தாள். படத்தின் கடைசியில் வைப்பதற்குச் செலினிடமிருந்து நாற்பது விநாடி வாங்கிக்கொண்டாள். படகு கிளம்பின அன்றைக்குச் செலின் கரையில் நின்று போனில் எடுத்தது அது: படகு விலகிப் போகிறது, ஆட்கள் கயிறு சுருட்டுகிறார்கள், போனுக்குப் பின்னாலிருந்து செலினின் குரல் மட்டும், 'இங்கன பாருங்க, இங்கன பாருங்க' என்று கூப்பிடுகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் படகு சின்னதாகி மறைந்துவிடும். அந்தப் போன் பிறகு தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனதால், அந்த நாற்பது விநாடி மதிவதனியின் படத்துக்குள் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

பின்னணி இசைக்கு என்னிடம் வந்தாள். உள்ளூர்க்காரன் கை வேண்டும் என்றாள். தன் கம்ப்யூட்டர் ஒன்றை என்னிடமே கொடுத்துவிட்டு, அதில் படத்தின் சத்தம் ஒரு வரியிலும் என் இசை வேறு வேறு வரிகளிலும் ஏறும்படி செய்து காட்டிக்கொடுத்தாள். நான் பதினைந்து நாள் சாப்பாடு தூக்கமில்லாமல் உட்கார்ந்து வாசித்தேன். கடைசி நாற்பது விநாடிக்கு மட்டும் இடி போட்டேன், மேளம் போட்டேன், ஒரு கூட்டம் வயலின் போட்டேன், புல்லாங்குழல், கோயில் மணி மாதிரி ஒரு சுரம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சுருதி, ஆக ஆறு. தம்பிக்காகச் செய்கிறேன், குறைவாகச் செய்வேனா? மதிவதனி கடைசிவரைக்கும் கேட்டாள்.

"சார், இசை இருக்கணும். ஆனா இருக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாது. கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கி வாசிப்பதற்கு நான் எதற்கு, ஒரு கல்லை உட்காரவைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்றேன். ஆனாலும் முதல் முதலில் ஊருக்குப் போட்டுக் காட்டியது என் ஆறு சத்தத்தோடும்தான். வலைக்கூடத்தில் வலை பின்னுகிறவர்களை எழுப்பி, ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி, வெள்ளையடித்த செங்கல் சுவரில் மத்தியானம் மூன்று மணிக்குப் படம் ஓடியது. ஊரே அழுதது. செலின் மட்டும் அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், 'நான் கூப்பிட்டது கேக்கவே இல்லையே, அத்தான்' என்றாள். அன்றைக்கே உட்கார்ந்து இடியை எடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் போட்டபோது படகு மறையவில்லை. நாற்பது விநாடி ஓடி முடியும்வரைக்கும் அடிவானத்தில் புள்ளியாக நின்றது, படம் முடிந்தது. யாரும் ஆச்சரியப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. இஞ்சின் நின்றிருக்கும் என்றார் ஒருவர், இல்லை, வலை போடுகிறார்கள் என்றார் இன்னொருவர், அதை வைத்து வாசலில் ஒரு சண்டையே நடந்தது. நான் மேளத்தை எடுத்தேன், படகு மூக்கைத் திருப்பியது. வயலினை எடுத்தேன், படகு முன்னால் வந்தது. மதிவதனி தன் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று பயந்து சென்னைக்கு எடுத்துப்போய் வேறு திரையில் போட்டுப் பார்த்தாளாம், அங்கே படகு ஒழுங்காகப் போய் மறைந்ததாம். எங்கள் சுவரில்தான் வந்தது. கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு பஸ் ஏறிப் போனவள் திரும்ப வரவில்லை, பாவம், அவளுக்கு இதையெல்லாம் எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றுதான் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மழை பெய்தால் குடை எடுப்பது மாதிரி எடுத்துக்கொண்டது, வேறென்ன. சுவரின் செங்கல் வரிசையை வைத்து ஆட்கள் தூரம் பேசினார்கள், 'நேத்து ஒம்பதாம் வரிசை, இன்னைக்கு எட்டு' என்று மீன் விலை சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டு போனார்கள். என் சத்தம் குறைந்தால்தான் படகு வருகிறது என்பது தெரிந்ததும், மற்ற எந்தச் சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் கேட்காமல், ஊரே சத்தத்தைக் குறைத்தது. கோயில் ஒலிபெருக்கியைக் கழற்றி இறக்கினார்கள். கரையில் மீன் ஏலம் விரலைக் காட்டி நடந்தது. ஐஸ் கம்பெனி இயந்திரம் மத்தியானத்தில் ஓடாமல் இருந்தது. அந்த மாதம் நடந்த இரண்டு கல்யாணத்திலும் பேண்டு இல்லை, வெடி இல்லை, பெண்ணும் மாப்பிள்ளையும் வலைக்கூடத்தைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் குழந்தைகளின் கொலுசைக் கழற்றிவைத்தார்கள். பங்குச் சாமியார் முதல் ஞாயிறு, இது விசுவாசத்துக்கு அடுத்த காரியமில்லை என்று பிரசங்கத்தில் கண்டித்தார். இரண்டாவது ஞாயிறு கடைசி வரிசையில் வந்து நின்று பார்த்தார். மூன்றாவது ஞாயிறிலிருந்து பூசையில் பாட்டு கிடையாது, வாசகம் மட்டும். எனக்குக் கோயிலில் வேலை இல்லாமல் போயிற்று. சத்தத்தைக் குறைக்கிறேன் என்று ஸ்பீக்கரை ஒரேயடியாக அணைத்தும் பார்த்தார்கள், அப்போது படகு அசையவே இல்லை, சுவரில் ஒட்டின போட்டோ மாதிரி நின்றது. அவர்கள் வருவது செலினின் குரலைக் கேட்டுத்தான் என்பதும், என் இசைதான் இத்தனை நாள் அதை மூடிக்கொண்டிருந்தது என்பதும் அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

செலினை ஊர் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. பத்து வீட்டுப் பெண்களும் அவளைக் கும்பிடாத குறை, அவள் தொண்டை கட்டிக்கொள்ளக் கூடாது என்று மிளகுக் கஷாயம் கொண்டுவந்து கொடுப்பார்கள், அந்தக் குரல் எப்போதோ பதிவானது என்று சொன்னாலும் அவர்களுக்குக் காதில் ஏறாது. அவள் முகத்தில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. ஒரு புதுச் சேலைக்குத் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கிவந்து மடித்துவைத்தாள். குழந்தைக்குச் சுவரைக் காட்டி, 'உங்கப்பா பின்னாடி சுக்கான் பக்கம் நிப்பாரு, பாரு' என்று சொல்லிக்கொடுத்தாள். நான் புல்லாங்குழலை எடுத்தேன். ஒவ்வொரு சத்தத்தை எடுப்பதும் எனக்கு ஒரு விரலை வெட்டிப் போடுவது மாதிரித்தான் இருந்தது, ஆனால் வெட்ட வெட்டத் தம்பி வருகிறான், வெட்டாமல் இருப்பேனா. மணிச்சுரத்தை எடுத்தபோது படகு மூன்றாம் வரிசைக்கு வந்துவிட்டது. முகம் தெரியவில்லை, ஆனால் தலை எண்ணலாம். ஊர்க்கமிட்டித் தலைவர் கஸ்பார் மைக்கேல் எழுந்துபோய் விரலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். இரண்டாவது தடவை எண்ணினார். பத்துப் பேர்தான் இருந்தார்கள்.

முதல் மூன்று நாள், ஒருத்தன் இஞ்சின் ரூமில் இருப்பான் என்று சொல்லிக்கொண்டார்கள். பதினோரு வீட்டாரும் அதையே பிடித்துக்கொண்டு சோறு தின்றார்கள். நாலாவது நாள் ஒரு வயசாளி, கரை தெரிந்த பிறகு எவன் வே கீழே இருப்பான், எல்லாப் பயலும் மேலே வந்துல்லா நிப்பான் என்று சும்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், கரை தெரிந்தால், முன்னறையில் நின்று ஓட்டுகிற டிரைவரைத் தவிர அத்தனை பேரும் மேலே வந்து நிற்பார்கள், அந்த டிரைவரையும் சேர்த்துத்தான் பத்து. அன்றையிலிருந்து பதினோரு வீட்டார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதை விட்டார்கள். நேற்றுவரைக்கும் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள் தனித்தனிப் பாய் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும், இல்லாதவன் மற்ற பத்து வீட்டில் ஒரு வீட்டு ஆளாக இருக்கட்டும் என்று மெழுகுதிரி ஏற்றினார்கள், எந்த வீடு என்று மட்டும் யாரும் பெயர் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது அடிச்சுருதி ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் முகம் தெரியும், கரை சேரும். எடுக்கலாமா வேண்டாமா என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. அதற்குள் பெண்கள் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள், எல்லோரும் வெவ்வேறு சாக்கில் வந்து கடைசியில் ஒன்றையே கேட்டார்கள்: நீ முதலில் பார்த்து எனக்கு மட்டும் சொல்லு. அவர்களில் பனிமயம் மாமி, தனித்தனி வீட்டில் குடியிருந்த இரண்டு மகன்களைக் கொடுத்தவள். அவள், 'எனக்குப் பார்க்க வேண்டாம் மக்கா, ரெண்டும் இருக்குன்னா தலையை மட்டும் ஆட்டு' என்றாள். நான் இன்னும் பார்க்கவில்லை என்றேன், அப்போது அது உண்மை.

மறுநாள் மத்தியானம், ஊர் கூடுவதற்கு முன்னால், கூடத்தைச் சாத்திக்கொண்டு நான் தனியாகப் போட்டேன். சுருதியை எடுத்தேன். செலினின் குரல் மட்டும், அலையோடும் இஞ்சினோடும், தெளிவாக வந்தது. 'இங்கன பாருங்க.' படகு இரண்டாம் வரிசைக்கு வந்தது, முதல் வரிசைக்கு வந்தது. பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பனிமயம் மாமியின் இரண்டு மகன்களும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஆனால் உயிரோடு, ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு பெயராக நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பின்னாடி, தம்பி நிற்கிற சுக்கான் பக்கம் யாரும் இல்லை. அங்கே ஒரு ஆள் நிற்கிற இடத்தை விட்டு மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். படகு மண்ணைத் தட்டுவதற்கு முன்னால் நான் வயரைப் பிடுங்கினேன். ஆட்கள் வந்து கதவைத் தட்டினதும் சுருதியை மறுபடியும் சேர்த்துவிட்டு எழுந்துபோய்த் திறந்தேன்.

அன்றையிலிருந்து மூன்று வாரம் பொய் சொன்னேன். அந்தச் சுருதி படத்தின் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டது, பிரிய மாட்டேன் என்கிறது என்றேன். முதலில் நம்பினார்கள். நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், ஒன்றும் நினைக்கவில்லை, ஒவ்வொரு நாளும் இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். வீட்டில் செலின் பாடிக்கொண்டே மீன் உரசினாள். பத்துப் பேர் தண்ணீரில் நிற்கிறார்கள், பத்து வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இந்த வீட்டில் ஒரு பெண் பாடுகிறாள், அதை நிறுத்துகிற கை என் கையாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அது பாவம்தான். பெரிய பாவம். அதைப் பாவம் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் போட்ட ஊர்க்கூட்டத்தில், எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னதே செலின்தான். யார் இல்லை என்றாலும் மற்ற பத்துப் பேர் எத்தனை நாள் பசியோடு அங்கே நிற்பார்கள் என்று கேட்டாள். அவளுக்கென்ன, அவள் புருஷன் ஊரிலேயே நல்ல நீச்சல்காரன், அவளுக்குப் பயமில்லை என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். சரி என்று முடிவாயிற்று. நாகர்கோவிலிலிருந்து யாரையோ கூட்டிவந்து கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொல்லப் போகிறோம் என்று கஸ்பார் சொன்னதும் என் பொய்க்கு ஆயுசு முடிந்துவிட்டது. வேறு ஆள் வேண்டாம் என்றேன். சுருதியைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு அதைக் கையால் வாசிக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாக விரலை எடுக்கிறேன், அப்படிச் செய்தால்தான் படகு தடுமாறாமல் வரும் என்றேன். அதை எதற்குச் சொன்னேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊர் முழுக்க வலைக்கூடத்துக்கு வந்தது. பதினோரு வீட்டாரும் முன்வரிசை. மாற்றுடுப்பு கொண்டுவந்திருந்தார்கள், கஞ்சி கொண்டுவந்திருந்தார்கள், ஒருத்தி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்திருந்தாள். செலின் அந்தப் புதுச் சேலையைக் கட்டிக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். நான் ஓரமாகக் கீபோர்டை மடியில் வைத்து ஒரே ஒரு கட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன். படகு மூன்றாம் வரிசையில் நின்றது. ஆயிரம் கண்ணும் சுவரில் பாதி, என் விரலில் பாதி.

விரலை எடுத்தேன். செலினின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. படகு வந்தது. இரண்டாம் வரிசை. யாரோ பின்னாலிருந்து விம்மத் தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டார்கள். முகங்கள் துலங்கத் தொடங்கின, இன்னும் ஒரு விநாடி, அப்போது செலின் எழுந்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தாள். சுவரின் இடது ஓரத்தில், சுக்கான் இருக்கிற பக்கம் போய் நின்று, குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள்.

நான் கட்டையை அழுத்தினேன்.

சத்தமாகக்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவனுக்கு மட்டும் கேட்டிருக்கும், மதிவதனி இருந்திருந்தால் இதுதான் சார் என்று சொல்லியிருப்பாள். பத்து முகமும் கலங்கின, படகு ஒரு பக்கம் சாய்ந்து மூக்கைத் திருப்பி, இரண்டு, மூன்று, ஒன்பது என்று வரிசை வரிசையாக மேலே ஏறிப்போய், அடிவானத்தைத் தாண்டி இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லவேண்டியதில்லை. கீபோர்டை என் தலையிலேயே உடைத்தார்கள். சனியனுக்கு ஒரு நிமிஷம் கை சும்மா இருக்காதே, பழக்கதோஷத்தில் பத்துப் பேரைக் கொன்றுவிட்டானே என்று அடித்தார்கள், பெண்களும் அடித்தார்கள். பழக்கதோஷம் என்றே இருக்கட்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. பனிமயம் மாமி மட்டும் அடிக்கவில்லை, கொண்டுவந்த இரண்டு சட்டையையும் மடியில் வைத்துச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். சாமியார் குறுக்கே விழுந்து என்னைக் காப்பாற்றினார்.

எல்லோரும் போன பிறகு செலின் வந்தாள். குழந்தையை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தாள். என் நெற்றியில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். பழக்கதோஷம் என்று அவள் நம்பவில்லை, மூன்று வாரமாக நான் வீட்டில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"அவரு அதுல இல்லியா, அத்தான்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தனை நாளா தெரியும்?"

"மூணு வாரம்."

அவள் அழவில்லை. துடைத்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு, "எனக்குப் பாவம் பார்த்து அந்தப் பத்துப் பேரைத் தள்ளிவிட்டுட்டீங்களே. எந்திரிங்க. போடுங்க. நான் கூப்பிடுதேன், வருவாங்க" என்றாள்.

போட்டேன். என் இசை ஒன்றும் இல்லாமல் அவள் குரல் மட்டும் இருந்த நாற்பது விநாடி. சுவரில் கடல் இருந்தது, படகு இல்லை. கிளம்புகிற படகுகூட இல்லை. சுவருக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள், சுவருக்கு முன்னால் நின்று இவளும் கூப்பிட்டாள், பத்துப் பேரையும் பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள், தொண்டை அடைக்கும்வரைக்கும் கூப்பிட்டாள். மறுநாளும் போட்டோம், அதற்கு மறுநாளும் போட்டோம். தண்ணீர் மட்டும் அசைந்தது.

இப்போது ஊரில் ஒலிபெருக்கி மறுபடியும் ஏறிவிட்டது, கல்யாணத்தில் பேண்டு வாசிக்கிறார்கள், கோயில் கீபோர்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். பதினோராவது ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பதினோரு வீட்டிலும் என் ஆள் பத்தில் ஒருத்தன் என்றுதான் இருக்கிறார்கள், தள்ளிவிட்ட பாவியை வைகிறார்கள். செலின் தாலியைக் கழற்றவில்லை. கழற்றினால் நான் எதற்காகக் கட்டையை அழுத்தினேன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டார்கள். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் செத்தவர்கள் பெயரைச் சாமியாரிடம் எழுதிக் கொடுத்தபோது அவள் என் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றாள். சாயங்காலம் மற்ற பெண்களோடு கரைக்குப் போய்க் கடலைப் பார்க்கிறாள், அவர்கள் என்னை வைதால் அவர்களைவிடச் சத்தமாக வைகிறாள். பிறகு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டுவிட்டு, அவன் சட்டைகளை வாரம் தவறாமல் துவைத்து ஊர் பார்க்கக் காயப்போட்டுவிட்டு, குழந்தை தூங்கினதும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையை வாயில் திணித்துக்கொண்டு, பக்கத்து அறையில் இருக்கிற எனக்குக்கூடக் கேட்காமல் என் தம்பிக்காக அழுகிறாள்.